இரும்பைப் பற்றி நான் சொன்னது

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போனில் சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

“தம்பி, காவேரி முழுவாம கீறாடா. மூணாவது மாசம்.”

காவேரி அக்காவின் ஒரே மகள். நான் அவளுக்குத் தாய்மாமன். போன வருஷம் அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தை இரண்டே நாள்தான் இருந்தது. அதனால் இந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“நர்சம்மா வந்து அட்டை அட்டையா மாத்திரை குடுத்துட்டுப் போவுது. ஒண்ணுகூட வாயில வைக்க வுடல, எல்லாம் அடுப்புலதான். நீ சொன்னத அன்னிக்கே முழுசா கேட்டிருந்தா அந்தக் கொயந்த பொழச்சிருக்கும். இந்த வாட்டி வுட மாட்டேன்.”

“சந்தோஷம்க்கா” என்றேன்.

அந்த மாத்திரை கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை. அது விஷம் என்று அவர்களுக்குச் சொன்னது நான்தான். பின்லாந்தில் உட்கார்ந்துகொண்டு, ஜவ்வாது மலையில் இருக்கிறவர்களுக்குச் சொன்னேன். இன்னும் ஆறு மாதத்தில் காவேரிக்குப் பிரசவம். அதற்குள் நான் என் வாயால் சொன்னதை என் வாயாலேயே அழிக்க வேண்டும். இந்தக் குறிப்புகளை எழுத அதுதான் காரணம். பனியையும் பனிச்சறுக்கையும் பற்றிப் படிக்கலாம் என்று வந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

2

நான் வெல்டர். துர்க்கு என்ற ஊரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை. வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவேன். நடுவில் இருக்கும் கொஞ்ச நேர வெளிச்சம் கப்பலின் வயிற்றுக்குள் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் வேலையில் காதை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். தட்டுகிற, அறுக்கிற சத்தம் அப்படி. அந்தக் காதுமூடிக்குள்ளேயே போனை இணைத்துக்கொள்ளலாம். பின்லாந்துக்காரர்கள் பாட்டு கேட்பார்கள். நான் தமிழ்ப் பேச்சு கேட்பேன். முதலில் பழைய பாட்டு, பிறகு பட்டிமன்றம், பிறகு அரசியல். ஒன்று முடிந்தால் அடுத்ததை போனே போட்டுக் கொடுக்கும். என் கையில் உறை இருக்கும், முகத்தில் கவசம் இருக்கும். மாற்ற முடியாது. வருவதைக் கேட்பேன்.

அப்படித்தான் அந்த ஆள் வந்தார், யூடியூபில் பேசுகிறவர். பெயர் வேண்டாம். நல்ல குரல். “மக்களே, இத யாரும் ஒங்களுக்குச் சொல்ல மாட்டாங்க” என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு நாள் உப்பு, ஒரு நாள் தடுப்பூசி, ஒரு நாள் ரேஷன் அரிசி. கூட வேலை செய்பவர்கள் யாரும் என்னிடம் வானிலையைத் தவிர ஒன்றும் பேச மாட்டார்கள். இவர் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என் மொழியில் என் காதுக்குள் பேசினார். அவர் சொன்னதெல்லாம் உண்மை என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. தினமும் பார்க்கிற ஆள் சொல்வதை நம்புவது போல நம்பினேன்.

ஊரில் இருப்பவர்கள் ஏமாறுவார்கள், வெளிநாட்டில் இருப்பவன் விவரமானவன் என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. என் அனுபவத்தில் அது தலைகீழ். ஊரில் இருப்பவனுக்கு ஒரு வதந்தி வந்தால் பக்கத்து வீட்டில் கேட்க ஆள் இருக்கிறது. இங்கே எனக்குப் பக்கத்து வீட்டுக்காரனின் பெயரே மூன்றாவது வருஷம்தான் தெரிந்தது.

3

ஒரு நாள் இரும்பு மாத்திரை வந்தது. டீ இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவன் மாத்திரையை நுணுக்கி, காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோவான். தூள் காந்தத்தில் ஒட்டும். “இதைத்தான் நம்ம பொண்ணுங்க வயித்துல கொட்டுறாங்க. அதுவும் மலையில இருக்கிற சனத்துக்கு மட்டும், ஏன்?” என்று குரல் கேட்கும்.

அப்போது காவேரிக்கு நாலாவது மாதம். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் காணொளியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கூடவே நானும் பேசி அனுப்பினேன். அந்தப் பேச்சு இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை.

“நான் தெனமும் இரும்போட வேலை செய்யறவன். இரும்புப் புகை உள்ள போனா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும். குளிர் ஜுரம் வரும், நெஞ்சு எரியும். பெரிய ஆளுங்க எங்களுக்கே முகமூடி குடுக்கறாங்க. வவுத்துல கீற கொயந்தைக்கு அத முழுங்கக் குடுக்கறாங்கன்னா இன்னா அர்த்தம்? தொடாதீங்க.”

பொய் சொல்லவில்லை. இரும்புப் புகையால் ஒரு தடவை நான் படுத்திருக்கிறேன். தகட்டிலிருந்து கிளம்பும் புகையும் உடம்புக்குத் தேவையான சத்தும் ஒன்றில்லை என்பது பள்ளிப் பாடம். அதைப் படித்துத்தான் நானும் பாஸ் செய்தேன். ஆனால் பன்னிரண்டு வருஷம் ஒரே பொருளோடு மல்லுக்கட்டியவனுக்கு அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற திமிர் வந்துவிடுகிறது.

அக்கா ஊரில் டவர் சரியாக எடுக்காது. ஏரிக்கரை மேட்டில் ஏறி நின்றால் கிடைக்கும். காவேரியின் புருஷன் ஏழுமலை அங்கே போய் அதை இறக்கி, வீட்டுக்கு வந்து எல்லாரையும் வைத்துச் சத்தமாகப் போட்டிருக்கிறான். சாமை அறுப்புக்கு வந்தவர்கள் கேட்டார்கள். சந்தை நாளில் பக்கத்து ஊர்க்காரர்கள் வாங்கிப் போனார்கள். யாரோ பேசும் காணொளியை அவர்கள் அவ்வளவு நம்பவில்லை என்று ஏழுமலை பிறகு சொன்னான். “அத யாரும் பெருசா எடுத்துக்கல மாமா. நீ பேசினதத்தான் திருப்பித் திருப்பி கேட்டாங்க. இரும்பு வேலை செய்யற ஆளே சொல்றான், அப்பறம் இன்னான்னாங்க.”

மாதாமாதம் நர்ஸ் வந்து தின்ற மாத்திரைக்குக் கணக்காகக் காலி அட்டையைக் கேட்பாராம். அதற்கும் அக்கா வழி கண்டுபிடித்தாள். காவேரி தினமும் சாயங்காலம் ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து அடுப்பில் போடுவாள். அட்டையை ஆணியில் மாட்டி வைப்பார்கள். நர்ஸ் வந்து காலி அட்டையைப் பார்த்துவிட்டு, நல்ல பிள்ளை என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, நோட்டில் டிக் போட்டுக்கொண்டு போவார். அக்கா இதை என்னிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அவர்கள் ஏன் நர்ஸை நம்பவில்லை என்று கேட்கலாம். மலைக்கு அரசாங்கம் என்று வந்தவர்களில் மரத்தை எண்ணியவர்கள் உண்டு, ஆளைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு, ரோடு போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் நிறைய உண்டு. சும்மா கொடுக்கிறார்கள் என்றால் ஏன் என்று கேட்கப் பழகிய சனம் அது. அந்தக் கேள்வியில் தப்பில்லை. அதற்கு நான் கொடுத்த பதில்தான் தப்பு.

4

எட்டாவது மாதம் பிறந்து சில நாள் கழித்து, டீ இடைவேளையில் ஏழுமலை கூப்பிட்டான். காவேரிக்கு மூச்சு வாங்குகிறது, நடந்தால் கண் இருட்டுகிறது, ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோகிறோம் என்றான். மலைப்பாதை வளைவுகளில் அவள் இரண்டு தடவை நினைவு தப்பினாள். பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். அன்றைக்கே குறைமாதத்தில் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து அக்கா பேசினாள்.

“நீ சொன்னது சரியாப் போச்சு தம்பி. நீ சொல்றதுக்கு முன்ன ரெண்டு அட்டை முழுங்கிட்டா இல்ல? அதான் கொயந்தைய அடிச்சிடுச்சு. நல்ல வேளை அதோட நிறுத்தினோம். இல்லாட்டி இவளும் போயிருப்பா.”

நான் “உம்” என்றேன்.

அந்த “உம்”மைப் பற்றித்தான் எனக்கு அதிக வெட்கம். மாத்திரையைப் பற்றிச் சொன்னது அறியாமை. இதை அப்படிச் சொல்லி ஒதுக்க முடியாது. அக்கா பேசும்போதே எங்கேயோ தப்பு நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஆனாலும் “உம்” என்றேன். ஒரு வருஷமாக அவள் அதையே சொல்லச் சொல்ல நானும் “உம்” கொட்டிக்கொண்டிருந்தேன்.

5

சில மாதங்களுக்கு முன் வீட்டில் உண்மையை உடைத்தவள் என் மனைவி மல்லிகா. அவளும் மலைக்காரிதான், பக்கத்து ஊர். இங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் சுத்தம் செய்கிற வேலை. குழந்தை இறந்த மாதத்திலேயே ஏழுமலை ஆஸ்பத்திரிச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். நான் அதைத் திறக்காமலே வைத்திருந்தேன். ஏதோ பழைய போட்டோவைத் தேடும்போது மல்லிகா கண்ணில் அது பட்டுவிட்டது.

“ரத்தம் அஞ்சுக்குக் கீழ இருந்திருக்கு. எழுதியே வச்சிருக்காங்க. ஏதோ மாத்திரைய நிறுத்தச் சொன்னீங்களே, அது எந்த மாத்திரை?”

சொன்னேன். அவள் எங்கள் மகள் யாழினி படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பினாள்.

“யாழினி வவுத்துல இருந்தப்ப இங்க எனக்கு இன்னா மாத்திரை குடுத்தாங்க, ஞாபகம் கீதா?”

ஞாபகம் வந்தது. இங்கே கர்ப்பிணிகளைப் பார்க்கும் நிலையத்தில் ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மல்லிகாவுக்கு அது குமட்டும், வேண்டாம் என்பாள். நான் போனில் அலாரம் வைத்து, ஆரஞ்சுச் சாறு ஊற்றி, பக்கத்தில் நின்று குடிக்க வைப்பேன். பின்லாந்துக்காரி வெள்ளை உடையில் கொடுத்தபோது அது மருந்து. சேலை கட்டிக்கொண்டு மலையேறி வந்து நம் ஊர் நர்ஸ் கொடுத்தபோது அது விஷம்.

“எம் பொண்ணுக்கு ஒரு ஞாயம், உங்க அக்கா பொண்ணுக்கு ஒரு ஞாயமா?” என்றாள் மல்லிகா.

யாழினிக்குப் பதினொரு வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பின்னிஷில் பதில் சொல்வாள். இங்கே பள்ளியில் ஒரு செய்தி வந்தால் அதை யார் செய்தார்கள், முதலில் எங்கே வந்தது என்று தேடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் அந்தக் காந்தக் காணொளியை அவளிடம் காட்டினேன். ஒரு காட்சியை நிறுத்தி, தேடி, கால் மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்தாள். மூலக் காணொளி வேறு ஏதோ நாட்டில் எடுத்தது. காந்தத்தில் ஒட்டியது இரும்புச் சத்து சேர்த்த காலை உணவுத் தானியத்தின் தூள். மாத்திரையே இல்லை. அதன்மேல் தமிழ்க் குரலை ஏற்றியிருக்கிறார்கள்.

“அப்பா, இது ரொம்ப ஈஸி” என்று தமிழில் சொன்னாள். பிறகு பின்னிஷில் ஏதோ கேட்டாள். எனக்குச் சட்டென்று புரியவில்லை. மல்லிகாதான் சொன்னாள்: “இத யாருக்காவது அனுப்பினீங்களான்னு கேக்கறா.”

நான் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மாத்திரை சாப்பிட்டிருந்தால் அந்தக் குழந்தை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. சீட்டில் அப்படி எழுதவில்லை. குறைமாதக் குழந்தைகள் வேறு காரணங்களாலும் போகும். இந்தச் சந்துக்குள் ஒளிந்துகொள்ள முடியுமா என்று பல நாள் பார்த்துவிட்டேன். முடியவில்லை. எனக்கே தெரிந்திருந்தும் ஊரில் சொல்லாமல் நாளைத் தள்ளினேன். முடிந்தது முடிந்துவிட்டது, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த வசதியும் போய்விட்டது.

6

அன்று மத்தியானமே அக்காவைத் திரும்பக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். காணொளி பொய், நான் சொன்னது தப்பு, மல்லிகாவும் இதே மாத்திரையைச் சாப்பிட்டாள், காவேரி இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும் என்றேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“இன்னா தம்பி, உன்னையும் வெலைக்கு வாங்கிட்டாங்களா?”

கேலி இல்லை. பயந்துபோய்க் கேட்டாள். என்னை யாரோ மிரட்டுகிறார்கள் என்று நினைத்தாள். “உன் வேலைக்கு எதுனா ஆபத்துன்னா நீ வெளிய சொல்லாத. எங்களுக்கு உண்மை தெரியும், அது போதும்” என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

அடுத்த நாள் புதிதாகப் பேசிக் குழுவில் போட்டேன். பழையது காட்டுத்தீ மாதிரி பரவியது. இதை நாலு பேர் கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த உலையைக் கொதிக்க வைத்தவனுக்கே அது அடங்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை ஏழுமலை என்னிடம் சொன்னான்.

“அது உன் குரலே இல்லன்றாங்க மாமா. இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே யார் மாதிரி வேணும்னாலும் பேச வைக்கலாமாமே. சொல்றதுக்கு போன் போதும், சொன்னத மாத்தணும்னா ஆளு நேர்ல வந்து ஊர் முன்னாடி நிக்கணும்ன்றாங்க.”

எங்கள் ஊரில் அது வழக்கம்தான். கூட்டத்தில் சொன்ன சொல்லை ஒருவன் மாற்ற வேண்டுமென்றால் அதே கூட்டத்தில் வந்து நின்று, விழுந்து கும்பிட்டுவிட்டு மாற்ற வேண்டும். நான் சொன்னபோது கூட்டமும் இல்லை, நானும் அங்கே இல்லை. அப்போது யாரும் அதைக் கேட்கவில்லை.

போவதற்கு என்ன தடை என்றால், என் வதிவிட அட்டை. இருக்கும் உரிமை நிரந்தரம், அட்டை மட்டும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். குடியுரிமை வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதற்கான மொழித் தேர்வில் எழுத்துப் பகுதியில் இரண்டு தடவை கோட்டை விட்டேன். குடியேற்ற அலுவலகத்தில் போய், என் அட்டை செத்துவிட்டது, அவசரமாக ஊருக்குப் போக வேண்டும் என்று பின்னிஷில் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. காலாவதியாகிவிட்டது என்று சொல்ல வேண்டும் எனத் திருத்தினாள். பிறகு என்ன அவசரம் என்று கேட்டாள்.

வீட்டில் மரணமா என்றாள். இல்லை என்றேன். யாருக்காவது கடுமையான நோயா? இன்னும் இல்லை என்றேன். அவளிடம் இருந்த படிவத்தில் என் காரணத்துக்குக் கட்டம் இல்லை. புது அட்டைக்குப் பல வாரம் ஆகலாம், அது இல்லாமல் கிளம்பினால் திரும்பும்போது விமானத்தில் ஏற்றாமல் போகலாம் என்று பொறுமையாக விளக்கினாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

7

நேற்று காவேரியே கூப்பிட்டாள். ஏரிக்கரை மேட்டில் தனியாக நிற்கிறேன் என்றாள். காற்று அடிக்கும் சத்தம் கேட்டது. அவளைச் சம்மதிக்க வைக்க நான் நிறையத் தயார் செய்து வைத்திருந்தேன். யாழினி கண்டுபிடித்த மூலக் காணொளி, மல்லிகாவின் பழைய மருந்துச் சீட்டு, எல்லாம் கையில் இருந்தன.

“அதெல்லாம் வேணாம் மாமா. நீ புதுசா பேசினத நான் கேட்டேன். உன் கொரல் எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரிலயே டாக்டரம்மா சொன்னாங்க, ரத்தமே இல்ல, மாத்திரை சாப்டியா சாப்டியான்னு. சாப்ட்டேன்னு பொய் சொன்னேன்.”

ஒரு வருஷமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“அப்பறம் ஏம்மா இப்பவும் அடுப்புல போடற?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இப்ப நான் இத முழுங்கி, இந்தக் கொயந்த நல்லபடியா பொறந்துட்டா, அந்தக் கொயந்தைய நானே சாவடிச்சேன்னு ஆவுது இல்ல மாமா? என் கையாலதான ஒவ்வொண்ணா பிதுக்கிப் போட்டேன். அம்மா சொல்ற மாதிரி மாத்திரைதான் கொன்னுச்சுன்னு இருந்தா நான் எப்படியோ இருந்துட்டுப் போறேன்.”

மலை சனம் விவரம் இல்லாமல் நம்புகிறது, எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அவளுக்கு விவரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் பொய்யை விட்டால் சாய்ந்துகொள்ள அவளுக்கு வேறு சுவர் இல்லை. அந்தச் சுவரையும் நான்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன்.

“நீ சாவடிக்கல. நான் சொன்னேன், நீ செஞ்ச. தப்பு என்னுது” என்றேன்.

“அத எங்கிட்ட சொல்லி இன்னா? அம்மாகிட்ட சொல்லு. ஊர் முன்னாடி வந்து சொல்லு. காவேரி மேல தப்பில்ல, தாய்மாமன் நான்தான் தெரியாம சொல்லிட்டேன்னு சொல்லு. நீ சொல்லாம நான் முழுங்கினா நாளைக்கு ஊரு என்னைத்தான் குத்தம் சொல்லும்.”

“வர்றேன்.”

“எப்ப?”

அட்டை வந்ததும் என்று வாய் வரைக்கும் வந்தது. மல்லிகா எதிரில் நின்றுகொண்டிருந்தாள். “போய்ட்டு வாங்க. திரும்ப வுடலன்னா அப்ப பாத்துக்கலாம்” என்றாள், போனில் கேட்கும்படியே.

“அடுத்த வாரம்” என்றேன்.

இன்று காலை டிக்கெட் எடுத்துவிட்டேன். நேற்று போனை வைப்பதற்கு முன் காவேரி ஒன்று சொன்னாள். நர்ஸ் புதிதாகக் கொடுத்த அட்டை அவள் மடியில்தான் இருக்கிறதாம்.

“நீ வர்ற வரைக்கும் எரிக்க மாட்டேன் மாமா” என்றாள். “முழுங்கவும் மாட்டேன்.”